ஜெனரல் மலான் வழக்கு: அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி நம் வீடுகளில் பேசினோமா?

இசிபிங்கோ குமரன்:

வணக்கம். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சீருடையில் ஜெனரல் மேக்னஸ் மலான், நம் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கால ராணுவத் தலைவர், மார்பு நிறையப் பதக்கங்கள். அடியில் ஒரு வரி: "நாட்டைக் காத்த வீரர். பொய் வழக்குப் போட்டு அலைக்கழித்தார்கள்." அனுப்பியவன் என் சித்தப்பா மகன். வழக்கு நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை. ஏழெட்டுப் பேர் கைகூப்பும் குறி போட்டிருந்தார்கள், அதில் என் அத்தையும் ஒருத்தி.

"அந்தப் பதின்மூன்று பேர்?" என்று மட்டும் கேட்டேன். யாரும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் போட்டார்கள், பேச்சு அப்படியே மாறிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1987 ஜனவரி 21. டர்பனுக்குத் தெற்கே கறுப்பர்கள் வாழும் குவாமகுத்தாவில் ஒரு வீட்டுக்குள் ஏகே-47 துப்பாக்கிகளோடு புகுந்து பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஏழு பேர் குழந்தைகள். அவர்கள் தேடிவந்தது யூடிஎஃப் என்ற நிறவெறி எதிர்ப்பு அமைப்பின் செயல்பாட்டாளர் ஒருவரை. அவர் தப்பிவிட்டார், வீட்டிலிருந்தவர்கள் செத்தார்கள். எங்கள் இசிபிங்கோ ரயில்நிலையம் பக்கத்து மாரியம்மன் கோவிலிலிருந்து அந்த இடத்துக்குக் காரில் கால் மணி நேரம். அமான்சிம்தோட்டி கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

1995 நவம்பர் 2ஆம் தேதி மலான் மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தது. 1973இல் தரைப்படைத் தலைவர், 1976இல் முப்படைத் தலைவர், 1980 முதல் 1991 வரை பாதுகாப்பு அமைச்சர். அவரோடு வேறு தளபதிகள், ராணுவ உளவுத்துறைக்காரர்கள், யூடிஎஃபோடு மோதிக்கொண்டிருந்த சூலு கட்சியான இன்காத்தாவின் ஆட்கள் என்று மொத்தம் 20 பேர். விசாரணை நடந்தது நம் டர்பனில்தான். 1996 அக்டோபருக்குள் எல்லோரும் விடுதலை.

என் கேள்வி அவர் குற்றவாளியா இல்லையா என்பது அல்ல. பெரிய பதவியில் இருந்த ஒருவர் மேல் கொலைப் பழி வந்தவுடனே பேச்செல்லாம் ஏன் அவரைச் சுற்றியே போகிறது? அவர் எவ்வளவு நல்லவர், எத்தனை பதக்கம் வாங்கினார், அவருக்கு எவ்வளவு அவமானம். செத்தவர்கள் பேச்சில் வருவதே இல்லை. உங்கள் வீடுகளில் அப்போது என்ன பேசினார்கள்? பெரியவர்கள் சொல்ல வேண்டும்.


வெருலம் தாத்தா:

தம்பி, கேட்டாயே, சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்று இல்லை. அந்த வருஷங்களில் நம் நேட்டால் மாகாணத்தில் தினம் தினம் சாவுச் செய்தி. ரேடியோவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வரும், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். "அது அவர்களுக்குள் சண்டை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கறுப்பர்களே கறுப்பர்களை வெட்டிக்கொள்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது, நாங்களும் அதையே திருப்பிச் சொன்னோம். சண்டையில் ஒரு பக்கத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது ராணுவம் என்று 1995இல் தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் யாரிடமும் சொல்லவில்லை.


மாரிட்ஸ்பர்க் வக்கீல்:

குமரன், நல்ல இழை. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்வோம். மலான் விடுதலையானவர். 2011இல் இறந்தார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் கொலைகாரர் என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். அதே சமயம் "பொய் வழக்கு" என்று அந்தப் படத்தில் இருக்கும் சொல்லும் தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நாட்டில் ஜூரி கிடையாது, 1969இலேயே ஒழித்துவிட்டார்கள். நீதிபதி யான் ஹியூகோவும் உதவி மதிப்பீட்டாளர்களும்தான் முடிவெடுத்தார்கள். அந்தத் தீர்ப்பில் இரண்டு பகுதி உண்டு. சுட்டவர்கள் நமீபியாவின் காப்ரிவி பகுதியில் ராணுவம் பயிற்சி கொடுத்த இன்காத்தா ஆட்கள்தான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அரசுத் தரப்புச் சாட்சிகளாக வந்த இரண்டு ராணுவ உளவுத்துறை ஆட்கள் அந்தத் தாக்குதலைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் நேரடியாக இருந்தார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டது. நிரூபிக்கப்படாதது மேலே யார் அனுமதி கொடுத்தது என்பது மட்டும்தான்.

கொலை நடந்தது, செய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் தெரிந்தது. உத்தரவு எந்த நாற்காலியிலிருந்து கிளம்பியது என்ற இடத்தில் நூல் அறுந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாவிட்டால் விடுதலை. சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் பிள்ளை கூண்டில் நின்றாலும் அதே சட்டம்தான் காப்பாற்றும்.


ஜல்சேனா மருமகன்:

எங்கள் மாமா கடற்படையில் இருந்தவர். சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஜல்சேனா என்று ஒரு பயிற்சிப் பிரிவு வைத்திருந்தார்கள், அதில் 1970களின் கடைசியில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவை வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும்தான், இவர் விருப்பப்பட்டுப் போனவர். ஊரில் பாதிப் பேர் அதற்காக அவரோடு பேசமாட்டார்கள். தாத்தாவின் வாதம் வேறு: கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த வீட்டுப் பிள்ளை சீருடை போட்டு நிற்கிறான், அதைப் பார்த்துவிட்டுச் சாகிறேன்.

கூடத்தில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, அதைச் சுற்றிக் கறுப்பு நாடா, நாடாவில் தங்க எழுத்து. பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்தைத் துடைக்கும்போது அதையும் துடைப்பாள்.

மலான் கைதான செய்தி வந்த அன்று நான் மாமா வீட்டில் இருந்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஸ்டோரிலிருந்து ஒரு சுருள் கயிறு வாங்க எனக்கு மூன்று கையெழுத்து வேண்டும். இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எத்தனையோ மாதம் சோறு போட்டு, துப்பாக்கி கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும்?"

அவர் அந்தப் போட்டோவைக் கழற்றவில்லை. ஆனால் அதன் பிறகு வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சீருடையை மதிக்கிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்று நினைக்காதீர்கள் குமரன் அண்ணா. சிலருக்கு அது சொந்த வீட்டில் விழுந்த இடி.


மாரிட்ஸ்பர்க் வக்கீல்:

உங்கள் மாமா கேட்டதுதான் அந்த வழக்கின் முழுக் கேள்வியும். அந்தக் கையெழுத்துகள் இருந்தன. 1986இல் இருநூறு பேருக்குக் காப்ரிவியில் பயிற்சி கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை. ஆபரேஷன் மரியன் என்று அதற்குப் பெயர். ஆவணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. சண்டை வந்தது "தாக்குதல்" என்ற ஒரு சொல்லில். தாக்குதல் திறன் உள்ள குழு என்று எழுதியிருந்தால் அது வீடு புகுந்து கொல்லும் குழுவா, இல்லை வருமுன் தற்காத்துக்கொள்ளும் குழுவா? ஒரு சொல்லின் பொருளை வைத்து மாதக்கணக்கில் வாதாடினார்கள். குவாமகுத்தாவுக்குப் போங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை. அப்படி ஒரு தாளை எந்த ராணுவமும் எழுதாது.

அரசு வக்கீல் டிம் மெக்நல்லி வழக்கை நடத்திய விதம் பற்றியும் அப்போதே கடுமையான விமர்சனம் வந்தது, அழைக்க வேண்டிய சாட்சிகளை அழைக்கவில்லை என்று. அது தனிக் கதை.


சாட்ஸ்வர்த் அக்கா:

எனக்கு இன்றுவரைக்கும் ஆறாத ஒன்று அந்த மாதம். 1996 அக்டோபரில் ஜெனரல்கள் விடுதலை. அதே அக்டோபர் 30ஆம் தேதி பிரிட்டோரியாவில் யூஜின் டி காக்குக்குத் தண்டனை: இரண்டு ஆயுள், அதற்கு மேல் 212 வருஷம். அவன் போலீஸ் கர்னல், ஃப்ளாக்பிளாஸ் கொலைக் கும்பலின் தலைவன். அவனும் பதக்கம் வாங்கினவன்தான். மேலதிகாரிகள் தோளில் தட்டிக் கொடுத்தவர்கள்தான். மாட்டிக்கொண்டதும் ஒருவர்கூட அவனை எங்கள் ஆள் என்று சொல்லவில்லை.

நான் பேவியூவில் வளர்ந்தவள். லென்னி நாயுடு டிரைவ் வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போவேன், அப்போது அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் இல்லை. லென்னி எங்கள் சாட்ஸ்வர்த் பையன், நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்தவன். 1988 ஜூனில் சுவாசிலாந்திலிருந்து எல்லை தாண்டி வந்தபோது பீட் ரெட்டிஃப் பக்கத்தில் காத்திருந்து சுட்டார்கள், கூட வந்த மூன்று பெண்களும் செத்தார்கள். சுட்டது டி காக்கின் ஆட்கள். அதனால் டி காக்குக்கு 212 வருஷம் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் அப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. "வேலைக்காரனைப் பிடித்துவிட்டார்கள்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார்.

2015இல் டி காக் பரோலில் வெளியே வந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.


ரேண்ட்பர்க் மதி:

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. இந்த வழக்கைப் பற்றி இங்கேதான் முதல்முதலாகப் படிக்கிறேன். ஊரில் எங்கள் தெருவிலும் ராணுவத்திலிருந்து விடுப்பில் வருகிறவரைப் பார்த்தால் டீக்கடையில் காசு வாங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவர்மேல் கொலை வழக்கு என்றால் நானும் முதலில் நம்பமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அது தப்பா? திருவாரூரில் கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தோம், ஆனாலும் பெரியவர்கள்மேல் பழி வந்தால் நம் மனம் உடனே அவர்கள் பக்கம்தான் சாய்கிறது.


வெருலம் தாத்தா:

மதி, நம்பாதது தப்பில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு. அந்தப் பசுவுக்கு அரண்மனை வாசலில் மணி இருந்தது, கயிறு அதன் வாய்க்கு எட்டியது. குவாமகுத்தாக்காரர்களுக்கு அந்தக் கயிறு கைக்கு வர எட்டு வருஷம் ஆனது, ஆட்சியே மாற வேண்டியிருந்தது. 1987இல் போய் அவர்கள் யாரிடம் புகார் கொடுத்திருப்பார்கள்? போலீஸிடமா?


துறைமுகத் தச்சர்:

அப்போது நான் டர்பன் துறைமுகம் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். என் மேஸ்திரி ஒரு ஆஃப்ரிகானர். நல்ல மனிதர், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். என் தங்கை கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பதினெட்டு வயதில் அவரைக் கட்டாயமாக அங்கோலா எல்லைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார், ஆனால் பட்டறையில் பலகை தடாலென்று விழுந்தால் முகம் வெளிறிப்போகும்.

மலான் கைதான மறுநாள் காலை செய்தித்தாளை வேலை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. "அவர் கொலைகாரர் என்றால் நாங்கள் யார்?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு 22 வயது, என்ன சொல்வது? டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

வெள்ளைக்காரர்கள் எல்லாம் வெறுப்பில்தான் அவருக்காகக் கத்தினார்கள் என்று அப்போது நம் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கத்தினவர்களில் அப்படியும் இருந்தார்கள்தான். ஆனால் என் மேஸ்திரி மாதிரி ஆட்களுக்குப் பயம் வேறு. பதினெட்டு வயதில் தங்களை அனுப்பியவர் சொன்னது எல்லாம் பொய் என்றால் அந்த இரண்டு வருஷம் எதற்கு? கூடப் போய்த் திரும்பி வராத பையன்கள் எதற்கு? அதனால் அவர்களால் அந்தக் குற்றச்சாட்டை நின்று கேட்கவே முடியவில்லை. விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்று அவர் கொண்டாடவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்.


சாட்ஸ்வர்த் அக்கா:

தச்சர் அண்ணா, படித்துவிட்டு மனசு கனத்துப்போச்சு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மேஸ்திரி "நாங்கள் யார்?" என்று கேட்டார். குவாமகுத்தாவில் செத்த குழந்தைகள் யார் என்று எப்போதாவது கேட்டாரா?


துறைமுகத் தச்சர்:

இல்லை அக்கா. நானும் கேட்கவில்லை.


ஃபீனிக்ஸ் தினேஷ்:

நான்தான் அந்தப் படத்தை அனுப்பியவன். குமரன் அண்ணா இந்த இழையின் இணைப்பை எனக்கு அனுப்பினார். இரண்டு நாள் படித்துக்கொண்டிருந்தேன். என் தரப்பையும் சொல்கிறேன், திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தின்போது நான் ஃபீனிக்ஸில், நம் இந்தியர் பகுதியில் இருந்தேன். கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை. தெருமுனையில் டயரைப் போட்டு மறித்துவிட்டு ராத்திரியெல்லாம் நின்றோம். கையில் ஹாக்கி மட்டை. பாட்டி ஒரு பையில் பாஸ்போர்ட்டும் நகையும் எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். 1985 ஆகஸ்ட் கலவரத்தில் பக்கத்து இனாண்டாவிலிருந்து வீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள் அவள். "மறுபடியுமா" என்று அழுதாள். கடைசியில் ராணுவ வண்டி எங்கள் ரோட்டில் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் அவள் படுத்தாள். வண்டியிலிருந்து இறங்கிய சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும், கறுப்பர். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதிலிருந்து ராணுவச் சீருடை என்றால் எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வரும். படத்தில் பதக்கத்தைப் பார்த்தேன், அனுப்பினேன். யார் என்றுகூடத் தேடவில்லை. குவாமகுத்தா என்ற பெயரை அண்ணா கேட்டபோதுதான் கேள்விப்பட்டேன். பள்ளியில் எங்களுக்கு இது வரவில்லை, வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை.


வெருலம் தாத்தா:

யாரும் திட்டமாட்டார்கள் தினேஷ். வீட்டில் சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த ஜூலையில் ஃபீனிக்ஸில் முப்பத்தாறு பேர் செத்ததும் இருக்கிறது. பெரும்பாலும் கறுப்பர்கள். அதற்காக நம் ஆட்கள் சிலர்மேல் கொலை வழக்கு வந்தபோது நம் தெருக்களில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார். "நல்ல பையன், கோவிலுக்குப் போகிறவன், தெருவைக் காத்தவன்." 1995இல் ஜெனரலுக்காக வெள்ளைக்காரர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். எனக்கு இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. குமரன் கேட்ட கேள்வி ராணுவத்தோடு முடிகிற மாதிரி தெரியவில்லை.


ஃபீனிக்ஸ் தினேஷ்:

எங்கள் நிலைமை வேறு தாத்தா. நாங்கள் யாருக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பவில்லை, பயந்துபோய் நின்றோம்.

ஆனால் நீங்கள் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை. செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.


ரேண்ட்பர்க் மதி:

மண்டேலா என்ன சொன்னார்? அவர் ஆட்சியில்தானே வழக்கு நடந்தது?


மாரிட்ஸ்பர்க் வக்கீல்:

தீர்ப்பை மதியுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். கறுப்பர் பகுதிகளில் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. நீதிமன்றம் சொன்னது நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தூக்கி எறிந்தால் புது நாடு முதல் வருஷங்களிலேயே குலைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு "மண்டேலாவே சொல்லிவிட்டார், விடுங்கள்" என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தீர்ப்பை மதிக்கச் சொன்னார், மறக்கச் சொல்லவில்லை. அடுத்த வருஷமே, 1997 மே மாதம், நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் மலான் வந்து பேசினார். அண்டை நாடுகளுக்குள் புகுந்து நடத்திய தாக்குதல்களுக்கு அனுமதி கொடுத்தது தான்தான் என்றார். கொலை செய்யச் சொல்லவில்லை என்றார். பொதுமன்னிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. 1998 அறிக்கையில் ஆணையம் இன்னும் கடுமையாக எழுதியது: ராணுவமும் இன்காத்தாவும் கூட்டுச் சேர்ந்து சட்டவிரோதமான தாக்குதல் குழுவை உருவாக்கின என்று. ஆணையம் நீதிமன்றம் அல்ல, யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அதனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, விடுதலைத் தீர்ப்பும் ஆணையத்தின் முடிவும். இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிறவெறியை எதிர்த்த அகமது திமோல் 1971இல் போலீஸ் காவலில் பத்தாவது மாடியிலிருந்து குதித்துச் செத்தார் என்றார்கள். 2017இல் நீதிபதி அது கொலை என்று தீர்ப்பளித்தார். குற்றம்சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் விசாரணை முடியும் முன்பே 2021இல் இறந்தார். நம் டர்பன் பல்மருத்துவர் ஹூசென் ஹஃபெஜி 1977இல் பிரைட்டன் பீச் போலீஸ் நிலையத்தில் செத்ததற்கு 2023இல்தான் நியாயமான ஒரு தீர்ப்பு வந்தது. இந்த வழக்குகள் ஏன் இத்தனை வருஷம் கிடப்பில் கிடந்தன, யார் தடுத்தார்கள் என்று விசாரிக்க 2025இல் நீதிபதி கம்பெபே தலைமையில் ஓர் ஆணையம் போட்டிருக்கிறார்கள். சாட்சிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், குற்றம்சாட்டப்பட்டவர்களும்தான்.


ஜல்சேனா மருமகன்:

மாமாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. தச்சர் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அந்த மேஸ்திரி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கச் சொன்னார்.


துறைமுகத் தச்சர்:

2009இல் தவறிவிட்டார் தம்பி. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


இசிபிங்கோ குமரன்:

எல்லோருக்கும் நன்றி. தினேஷ், நீ இங்கே வந்து எழுதியதற்கு உனக்குத் தனியாக நன்றி.

நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். இத்தனை நாள் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டு அம்மாவிடம் கேட்காமல் இருந்திருக்கிறேன். அம்மா அப்போது ஜேக்கப்ஸில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தாள். பக்கத்து ஓவர்லாக் மெஷினில் குவாமகுத்தாவிலிருந்து வருகிற ஓர் அக்கா. ஜனவரி மாதம் அந்த அக்கா நாலு நாள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சட்டைக் கையில் சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. சொந்தமா, பக்கத்து வீடா என்று அம்மாவுக்குத் தெரியாது. லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள், போர்டில் இருந்த டார்கெட்டைக் குறைக்கவும் இல்லை. அம்மா தன் பண்டலை முடித்துவிட்டு அந்த அக்காவின் பண்டலில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு தைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையன்களின் சாம்பல் நிற டிரவுசர். அந்த வாரம் முழுக்க அதுதான் ஆர்டர். "சின்ன சைஸ் வரும்போதெல்லாம் அவள் கை நின்றுவிடும்" என்றாள் அம்மா.

1996இல் தீர்ப்பு வந்தபோதும் இருவரும் அதே வரிசையில்தான் இருந்திருக்கிறார்கள். மத்தியானம் ரேடியோவில் செய்தி வந்தது. எல்லோரும் அந்த அக்காவைப் பார்த்தார்கள். அவர் மெஷினை நிறுத்தவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் ஒன்றாக நடந்து போயிருக்கிறார்கள். "என்ன பேசினீர்கள்?" என்று கேட்டேன்.

"வெங்காயம் விலை ஏறியதைப் பற்றி" என்றாள் அம்மா. "நான் கேட்டிருக்கலாம். அவள் நான் கேட்பேன் என்று நினைத்திருப்பாள். வழியெல்லாம் மெதுவாகத்தான் நடந்தாள்."

அப்புறம் அம்மா என்னிடம், அந்த வீட்டில் செத்த குழந்தைகளின் பெயர் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். வக்கீல் அண்ணா, ஆணையத்தின் அறிக்கையில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும்? அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.


மாரிட்ஸ்பர்க் வக்கீல்:

மூன்றாம் தொகுதியில் நேட்டால், குவாசூலு பற்றிய அத்தியாயத்தில் குவாமகுத்தா வருகிறது. அங்கிருந்து தொடங்குவோம். சனிக்கிழமை நான் டர்பன் வருகிறேன், மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.


ஃபீனிக்ஸ் தினேஷ்:

அண்ணா, சனிக்கிழமை நானும் வரட்டுமா?